தேதித்தாளில் ஒரு பென்சில் எண்

எங்கள் நூலகர் வாட்ஸ்அப் குழுவுக்குப் பத்து விதிகள் உண்டு. ஒன்பதை யாரும் மதிப்பதில்லை. காலை வணக்கம் போடாதே என்றால் ரோஜாப்பூவோடு போடுவார்கள். இடமாறுதல் வதந்தி பரப்பாதே என்றால் அதைத்தான் முதலில் பரப்புவார்கள். பத்தாவது விதியை மட்டும் இதுவரை ஒருவரும் மீறியதில்லை: 'தேதித்தாள் படம் போடக் கூடாது.' போன மாதம் புதிதாக வேலைக்கு வந்த ஒரு பெண் குழுவில் கேட்டாள், "அது ஏன் மேடம்? தேதி முத்திரை குத்துற தாள்ல என்ன ரகசியம் இருக்கு?" வழக்கமாக எதற்கெடுத்தாலும் முந்திக்கொண்டு பதில் சொல்கிற பழைய ஆட்கள் எல்லாரும் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டார்கள். எனக்காகத்தான். அந்த விதி வந்ததே என்னால். ஓய்வு பெற்று மூன்று வருடமாகிறது, நானே எழுதிவிடுகிறேன்.

சொல்வதற்கு முன் ஒன்று. இதில் வருகிற பெண்ணின் பெயரை எழுத மாட்டேன். அவள் வீட்டுக்காரர் செய்த தொழிலை மாற்றியிருக்கிறேன். நான் வேலை பார்த்த நூலகம் தென்காசியில் எந்தத் தெருவில் இருந்தது என்பதும் வேண்டாம். அவளுக்கு உடம்புக்கு என்ன என்பதைக்கூட மாற்றியிருக்கலாம். மாற்றினேனா என்று கேட்காதீர்கள். ஒரு தடவை பட்டது போதும்.

மதுரையில் சான்றிதழ்ப் படிப்பு, பிறகு இலத்தூரில் ஒரே அறை, இரண்டே அலமாரியோடு நான்கு வருடம், அதற்கப்புறம் தென்காசி. பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது. ஆனால் படிப்பில் சொல்லிக்கொடுத்த ஒரு நடைமுறையை நான் கோட்டைவிட்டேன். அதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும்.

புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருக்குமே, அதுதான் தேதித்தாள். புத்தகம் வெளியே போகும்போது, திருப்பித் தரவேண்டிய தேதியை அதில் முத்திரை குத்துவோம். புத்தகத்துக்குள் இருக்கும் சிறிய அட்டையை உருவி, வாசகரின் உறுப்பினர் அட்டைக்குள் செருகி, தேதி வாரியாக மரத்தட்டில் அடுக்கிவைப்போம். புத்தகம் திரும்பி வந்ததும் இரண்டு அட்டையும் பிரிந்து அதனதன் இடத்துக்குப் போய்விடும். யார் அதை எடுத்துப் படித்தார் என்பதற்கு அப்புறம் தடயமே இருக்காது. இந்த முறையை முதலில் யோசித்தவர் நாகரிகம் தெரிந்த மனிதர்.

எங்கள் கிளையில் எனக்கு முன்னால் இருந்தவர் ஒரு குறுக்கு வழி வைத்திருந்தார். முத்திரைக்குப் பக்கத்தில் உறுப்பினர் எண்ணையும் பென்சிலால் பொடியாக எழுதிவிடுவார். புத்தகம் கிழிந்து வந்தால் கடைசியாக எடுத்த ஆளைப் பிடிக்க வசதி. பொறுப்பை ஒப்படைக்கும்போது, "இது ரூல்ல கெடயாதும்மா, ஆனா ஒமக்கு ஒதவும்" என்று சொல்லிவிட்டுப் போனார். உதவியது. பக்கம் கிழித்த இரண்டு பேரைப் பிடித்து, அவர்களை வைத்தே ஒட்டவைத்திருக்கிறேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

வலைப்பூ எழுதுவது பரவிய காலத்தில் எங்கள் நூலகர்கள் சிலரும் அதில் இறங்கினார்கள். ஆளுக்கொரு வலைப்பூ, எல்லாருக்கும் சேர்த்து ஒரு கூட்டுப் பக்கம். என்னை அதில் இழுத்துவிட்டவன் இசக்கியப்பன், செங்கோட்டைப் பக்கம் ஒரு சிறிய நூலகத்தில் இருந்தவன். நான் 'அலமாரி எண் ஏழு' என்று பெயர் வைத்து ஆரம்பித்தேன். நூலகத்துக் கணினிக்கு அப்போது இணைய இணைப்பு இல்லை. மத்தியானம் சாப்பாட்டு இடைவேளையில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போய், ஒற்றை விரலால் தட்டுவேன். ஒரு பத்திக்கு ஒரு மணி நேரம்.

என்னுடைய முதல் பதிவு சாரலைப் பற்றியது. ஆனி, ஆடியில் குற்றாலத்துக்கு வருகிறவர்களுக்கு அது சுகம். எங்களுக்கு அது புத்தகம் உப்புகிற காலம். அட்டை நெளியும், தாளோடு தாள் ஒட்டும், அலமாரியைத் திறந்தால் பூஞ்சை நாற்றம். ஈரப் புத்தகத்தில் பத்துப் பக்கத்துக்கு ஒரு பழைய செய்தித்தாள் வைத்து, விசிறிக்கு முன்னால் விரித்து நிறுத்திக் காயவைக்கிற முறையை எழுதினேன். ராமநாதபுரத்திலிருந்து ஒருவர், "ஈரமா? எங்க ஊருல புத்தகம் அப்பளம் மாதிரி ஒடியுது" என்று பின்னூட்டம் போட்டார். இருபது வருடம் ஒரு மேசைக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்திருந்தவளுக்கு, இதே கவலையோடு ஊருக்கு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்தது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா? மறுநாள் பின்னூட்டம் வந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காகச் சாப்பாட்டைப் பாதியில் மூடிவைத்துவிட்டு ஓடியிருக்கிறேன்.

எங்கள் மாவட்ட நூலக அலுவலர் ஆவுடையப்பன் சாரும் இந்தப் பதிவுகளைப் படிக்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது. அவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மற்ற அதிகாரிகளுக்கு எங்கள் ஊர் ஆய்வு என்றால் சரியாக சீசன் நேரத்தில்தான் ஞாபகம் வரும். தோளில் துண்டோடு, தலை ஈரத்தோடு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். இவர் பங்குனி வெயிலில் வருவார், பேருந்தில். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, என் மேசைப் பக்கம் வராமல் நேராக அலமாரிக்குப் போவார். மூன்று அலமாரியில் மூன்று புத்தகம் உருவுவார். ஒவ்வொரு நூலகத்துக்கும் ஒரு ரகசியப் பக்கம் உண்டு. அட்டை போனாலும் புத்தகம் யாருடையது என்று தெரிவதற்காக அந்தப் பக்கத்தில் முத்திரையும் வரிசை எண்ணும் போட்டிருப்போம். அதைத் திருப்பிப் பார்ப்பார், வைத்துவிடுவார். வாசகர் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிப்பார். குடித்து முடிக்கும்வரை பேச்சு கிடையாது. அப்புறம் ஒரே ஒரு கேள்வி.

"கடைசியா எந்தப் புத்தகம் தொலைஞ்சது?"

ஒன்றும் தொலையவில்லை சார் என்று பெருமையாகச் சொன்ன ஒருவரிடம், "அப்ப யாரும் எடுக்கவே இல்லையா?" என்று கேட்டவர் அவர். எனக்கு அவரிடம் பயமும் உண்டு, அவர் வந்துபோனால் இரண்டு நாளைக்கு ஓர் உற்சாகமும் உண்டு.

ஒரு வருடம், பல வருடமாக யாரும் எடுக்காத புத்தகங்களைக் கழித்துவிடலாமா என்று கூட்டுப் பக்கத்தில் பெரிய சண்டை. ஒல்லிப் புத்தகங்கள் இடத்தை அடைக்கின்றன, யாரும் சீந்துவதில்லை என்றார் ஒருவர். எனக்குக் கோபம் வந்துவிட்டது. விட்டேனா? மருத்துவ அலமாரியில் ஒடுங்கிக் கிடந்த ஒரு ஒல்லிப் புத்தகத்தை எடுத்து, அதன் தேதித்தாளைப் படம் பிடித்தேன். நான்கு முத்திரைகள், அடுத்தடுத்து. நான்குக்கும் பக்கத்தில் ஒரே பென்சில் எண். 'ஓய்வெடுக்காத புத்தகம்' என்று தலைப்புப் போட்டு, "இந்த ஒல்லிப் புத்தகத்துக்கு ஒரு தீராத காதலர் இருக்கிறார், திரும்பக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அங்கேயே மறுபடி எடுத்துப் போகிறார். இதையா கழிக்கச் சொல்கிறீர்கள்?" என்று எழுதினேன்.

பின்னூட்டங்கள் குவிந்தன. சண்டையில் ஜெயித்துவிட்டேன். ஆவுடையப்பன் சார் தொலைபேசியில், "நல்லா எழுதியிருக்கீங்க. ஒரு பிரதி எடுத்து வாசகர் பார்க்கிற மாதிரி ஒட்டுங்க" என்றார். வண்ணத்தில் பிரதி எடுத்து, செய்தித்தாள் மேசைக்கு மேலே இருக்கும் அறிவிப்புப் பலகையில் நான்கு குண்டூசி குத்தி மாட்டினேன்.

அது பெண்களுக்கு மார்பில் வரும் கட்டியைப் பற்றிய புத்தகம். தாளின் தலையில் எழுதியிருந்த தலைப்பும் படத்தில் தெரிந்தது. ஒருமுறை படித்தால் விளங்கிவிடுகிற முப்பது பக்கத்தை ஒருவர் ஏன் நான்கு முறை எடுத்துப்போக வேண்டும் என்று எனக்கு ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. நான் அந்தத் தாளில் முத்திரையின் அழகைத்தான் பார்த்தேன். அப்போதே இருபது வருடத்துக்கு மேல் நூலகர் வேலை பார்த்திருந்த எனக்கு இதைவிட வெட்கக்கேடு வேறில்லை.

எலுமிச்சை கமிஷன் கடையில் வேலை பார்த்த ஓர் அண்ணாச்சி தினமும் பத்து மணிக்குப் பேப்பர் படிக்க வருவார். புளியங்குடியிலிருந்து வந்த மூட்டைகளை லாரி மாற்றி ஏற்றிவிட்டு, கை கழுவியும் போகாத எலுமிச்சை வாசனையோடு வருவார். சந்தையில் நாங்கள் உறுப்பினர் சேர்க்கை முகாம் போட்டபோது, வீட்டுக்காரியோடு வந்து சேர்ந்தவர். ஒரே நாளில் சேர்ந்ததால் இருவருக்கும் அடுத்தடுத்த எண். அன்றைக்கு அவர் பேப்பரை எடுக்காமல் பலகைக்கு முன்னால் கண்ணாடியைத் தூக்கிவிட்டபடி ரொம்ப நேரம் நின்றார். அப்புறம் என் மேசைக்கு வந்தார்.

"லைப்ரேரியம்மா, அந்தப் படத்துல பென்சில்ல எழுதியிருக்கே, அது என்ன நம்பரு?"

"மெம்பர் நம்பர் அண்ணாச்சி."

"யாரு நம்பரு?"

அப்போதுதான் நானும் பலகையை நிமிர்ந்து பார்த்தேன். "அதச் சொல்லக் கூடாது அண்ணாச்சி" என்றேன்.

"சொல்ல வேண்டாம். எனக்கு அடுத்த நம்பரு எங்க வீட்ல உள்ளவளுக்குத்தான குடுத்தீய." சட்டைப் பையிலிருந்து தன் அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். "மொத முத்திரைக்கும் கடேசி முத்திரைக்கும் நடுவுல எத்தனை நாளு?"

அதையும் சொல்லக் கூடாதுதான். ஆனால் சுவரில் நானே ஒட்டிவைத்திருக்கிறேனே. அவரே விரல்விட்டு எண்ணினார். இரண்டு மாதம். "ரெண்டு மாசமா ஒத்தையில வச்சுட்டு இருக்காளே" என்றார். சத்தம் போடவில்லை. அட்டையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். நான் ஓடிப்போய் அந்தத் தாளைக் கிழித்தேன். குண்டூசிகள் பலகையிலேயே நின்றன.

அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் அவர் வரவில்லை. பேப்பர் மேசையில் அவர் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்தால் எனக்கு எரிச்சலாக வந்தது. சந்தையில் விசாரித்தபோது, திருநெல்வேலியில் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள் என்றார்கள். அதற்குமேல் கேட்க எனக்கு என்ன உரிமை?

மூன்று மாதம் கழித்து அண்ணாச்சி வந்தார், கையில் ஒரு பை எலுமிச்சம்பழத்தோடு. ஆபரேஷன் முடிந்துவிட்டது, டாக்டர் சரியான நேரத்தில் வந்தீர்கள் என்றார், இனிப் பயமில்லை என்றார். "நீங்க போட்ட படந்தாம்மா எங்க வீட்டக் காப்பாத்துச்சு" என்று சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். ஆனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: அழுகையோடு அழுகையாகப் பெருமையும் வந்தது. அன்று மத்தியானமே பிரவுசிங் சென்டருக்குப் போய், 'ஓர் உயிரைக் காப்பாற்றிய தேதித்தாள்' என்று ஒரு பதிவை எழுதி முடித்தேன். வெளியிடுவதற்கு முன் இசக்கியப்பனுக்கு அனுப்பினேன். "யக்கா, இது போதும், ஒங்களுக்கு விருதே குடுப்பாங்க" என்றான் அந்தக் கிறுக்கன்.

நல்லவேளை, மறுநாள் மின்சாரம் இல்லை, பதிவு ஏறவில்லை. அதற்கும் அடுத்த நாள் அவள் வந்தாள்.

இளைத்திருந்தாள். சேலைத் தலைப்பை இரண்டு தோளையும் மூடிப் போர்த்தியிருந்தாள். கூட்டமில்லாத நேரம் பார்த்து வந்திருக்க வேண்டும். நான் எழுந்து நின்றேன்.

"உக்காருங்கம்மா. உடம்பு எப்படி இருக்கு?"

"இருக்கு. நல்லாத்தான் இருக்கு" என்றாள். உட்காரவில்லை. "அவிய எலுமிச்சம்பழம் கொண்டாந்து குடுத்தாவளாமே."

"ஆமா. ரொம்ப சந்தோசமா இருந்துச்சும்மா."

"அவியளுக்குச் சந்தோசந்தான்." மேசைமேல் இருந்த முத்திரைக் கட்டையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "நான் சொல்லணும்னுதான் இருந்தேன் லைப்ரேரியம்மா. மகளுக்குப் பரிச்ச முடியட்டும்னு நாளு பாத்துட்டு இருந்தேன். எப்படிச் சொல்லணும், மொதல்ல யாருகிட்டச் சொல்லணும்னு மனசுக்குள்ள நூறு தடவ சொல்லிப் பாத்தாச்சு. அவ்வளவு தைரியம் வந்தப்பம், அவிய வேகாத வெயில்ல வீட்டுக்கு ஓடியாந்து, மக முன்னாடி, 'லைப்ரரி போர்டுல போட்டிருக்கே'ன்னு கேக்காவ. என்னத்தச் சொல்லுவேன்?"

நான் முத்திரைக் கட்டையை எடுத்து இழுப்பறைக்குள் வைத்தேன்.

"எங்கம்மைகிட்டக்கூடச் சொல்லல. இங்கன வந்துதான் படிச்சேன். நாலு தடவயும் நீங்க முத்திர குத்தும்போது, ஏன் எடுக்க, யாருக்குன்னு ஒரு வார்த்த கேக்கல. அதுக்காவத்தான் இங்கன வந்தேன்."

"தப்புதாம்மா. மன்னிச்சிருங்க."

"மன்னிக்கதுக்கு என்ன இருக்கு? உசுரு பொழச்சிருக்கேன்லா. எல்லாரும் ஒங்களாலதான்னு சொல்லுதாவ. நானும் இல்லன்னு சொல்ல மாட்டேன்." ஆளுக்கு இரண்டு என்று நாங்கள் கொடுத்திருந்த உறுப்பினர் அட்டைகளைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள். "ஆனா இனும இங்கன வந்து எனக்குப் புத்தகம் எடுக்க முடியாது. ஒரு சமையல் புத்தகம் எடுத்தாக்கூட, இத நாளைக்கு யாரு பாப்பாவன்னு தோணும்."

அவள் கோபமாகப் பேசியிருந்தால் நானும் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். கடையில் அளவு சரியில்லாத வளையலைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி, அவ்வளவு சாதாரணமாக வைத்துவிட்டுப் போனாள். அந்த அட்டைகளில் ஒன்றைக்கூட எடுத்துவைக்க எனக்குக் கை வரவில்லை. ஏறாமல் கிடந்த புதுப் பதிவை அழித்தேன். பழைய பதிவைப் படத்தோடு அழித்தேன். கூட்டுப் பக்கத்தில் அதை எடுத்துப் போட்டிருந்த ஆறு பேருக்கும் தனித்தனியாக எழுதிக் கெஞ்சினேன். ஆவுடையப்பன் சாருக்குத் தொலைபேசியில் பேச தைரியமில்லாமல் நான்கு பக்கம் கடிதம் எழுதினேன். விளக்கம் கேட்டு மெமோ வரும் என்று காத்திருந்தேன்.

மெமோ வரவில்லை. வெள்ளிக்கிழமை எங்களுக்கு வார விடுமுறை. அன்று காலை என் வீட்டுக்குத் தொலைபேசி. "நூலகத்தைத் திறக்க முடியுமா? நான் பஸ் ஸ்டாண்டுல நிக்கேன்" என்றார்.

போனேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். பையிலிருந்து ஒரு பெட்டி எடுத்து மேசையில் வைத்தார். பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் ரப்பர், ஒரு டஜன்.

"ஒட்டச் சொன்னது நான். அதனால பாதி வேலை என்னோடது" என்றார். "மருத்துவ அலமாரியில இருந்து ஆரம்பிப்போம். அப்புறம் சட்டம்."

ஆளுக்கொரு பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொரு தேதித்தாளாக அழித்தோம். அவசரப்பட்டுத் தேய்த்தால் முத்திரை மையும் சேர்ந்து கலைகிறது; ரப்பரின் முனையால் எண்மேல் மட்டும், ஒரே திசையில், மெதுவாகத் தேய்க்க வேண்டும். சாரலில் நனைந்து காய்ந்த தாள்கள் உடனே பஞ்சு பஞ்சாகக் கிளம்பின. சில எண்கள் அழுத்தி எழுதியதால் அழித்த பிறகும் பள்ளமாகத் தெரிந்தன. அவற்றுக்கு மேல் புதிய தாள் ஒட்டினோம். அந்த ஒல்லிப் புத்தகம் அவர் கைக்குத்தான் போனது. நான்கு எண்ணையும் அழித்துவிட்டு, தாளை ஊதி, விரலால் தடவிப் பார்த்துவிட்டு, அலமாரியில் அதன் இடத்திலேயே செருகினார். மத்தியானம் டீ குடித்தோம். வழக்கமான கேள்வியை அன்று அவர் கேட்கவில்லை.

அப்படிப் பதினோரு வெள்ளிக்கிழமை ஆயிற்று. மூன்று நாள் அவர் வந்தார், மீதியை நான் செய்தேன். விஷயத்தைக் கூட்டுப் பக்கத்தில் ஊர், பெயர் இல்லாமல் எழுதினேன். எங்கள் கிளையில் மட்டும்தான் இந்தக் கெட்ட பழக்கம் என்று நினைத்திருந்தேன். வெவ்வேறு ஊர்களிலிருந்து ஏழெட்டுப் பேர், "நாங்களும் எழுதுகிறோம், இன்றோடு நிறுத்துகிறோம்" என்று பின்னூட்டம் போட்டார்கள். விதி பிறந்தது அப்படித்தான். வலைப்பூக்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்து, எல்லாரும் வாட்ஸ்அப்புக்குக் குடிவந்தபோது விதியும் கூடவே வந்தது.

அந்தப் பெண்ணை அதற்கப்புறம் நான் பார்க்கவில்லை. அண்ணாச்சியும் குடும்பத்தோடு வேறு தெருவுக்குப் போய்விட்டார். இந்த நோய் சில வருடம் கழித்துத் திரும்பி வரும் என்று எங்கேயோ படித்துவிட்டு, ஒரு வாரம் சரியாகத் தூங்காமல் இருந்திருக்கிறேன். நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் ஒரு மாலை இசக்கியப்பன் கூப்பிட்டான்.

"யக்கா, ஒங்க பழைய மெம்பர் ஒருத்திய எங்க லைப்ரரியில சேத்திருக்கேன். பேச்சுவாக்குல, தென்காசி லைப்ரரியில கார்டத் திருப்பிக் குடுத்துட்டேன்னு சொன்னா, எனக்குப் புரிஞ்சுபோச்சு. மாசம் ரெண்டு தடவ ரயிலேறி வாரா. என்ன புத்தகம் எடுக்கா தெரியுமா?"

என் காது முழுக்க அந்தக் கேள்விதான். ஒரு கோலப் புத்தகத்தின் பெயரைச் சொன்னால் போதும், அவள் சுகமாக இருக்கிறாள் என்று நான் நிம்மதியாக ஓய்வு பெறுவேன். வேறு பெயரைச் சொன்னாலும் தெரிந்துவிடும். இரண்டில் எதுவென்று அவன் நாக்கு நுனியில் இருந்தது.

"சொல்லாத இசக்கி" என்றேன்.

"இல்லக்கா, கேளுங்களேன்—"

"சொல்லாதன்னு சொல்லுதேன்லா. எனக்கு மட்டுமில்ல, யாருக்கும் சொல்லாத."

 "சரிக்கா" என்று வைத்துவிட்டான். அன்றைக்கு ரயில் போகிற சத்தம் கேட்டபோதெல்லாம் எழுந்து ஜன்னலுக்குப் போனேன். அவள் என்ன எடுத்துப் போனாள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசை இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. நிறையவே இருக்கிறது.